டீ-ஷர்ட்டில் அனிமே படம்: உரிமம் வாங்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டீ-ஷர்ட் அச்சடிக்கும் பட்டறை வைத்திருப்பவர் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரம் ஒன்றைப் போட நினைத்தால், படத்தின் கீழே பொடி எழுத்தில் ஓடும் © வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். டோரேமானுக்கு அதில் ஐந்து பெயர்கள்: ஃபுஜிகோ புரோ, ஷோகக்குகான், டிவி அசாஹி, ஷின்-எய், ஏடிகே. மூலக் கதைக்காரரின் நிறுவனம், பதிப்பகம், தொலைக்காட்சி, வரைந்த ஸ்டுடியோ. ஐந்தாவது ஒரு விளம்பர ஏஜென்சி.

ஏஜென்சிக்கு அங்கே என்ன வேலை? தொடருக்கு ஸ்பான்சர் பிடித்துத் தந்தவர்கள், பிறகு தயாரிப்புக் குழுக்களில் தாங்களே முதல் போட்டு, பொருள் உரிமம், வெளிநாட்டு விற்பனை போன்ற பொறுப்புகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஏடிகே, அசாட்சுவும் தாய்-இச்சி கிக்காகுவும் 1999-ல் இணைந்து உருவானது. ஷின்-சான் தொடரின் © வரியிலும் அதன் பெயர் உண்டு. டென்ட்சுவும் ஹாகுஹோடோவும் இதே தொழிலில் இருக்கின்றன.

ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவர்கள் சம்மதமில்லாமல் உரிமம் தர முடியாது. அதனால் ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஒரு நிறுவனத்தை வாசலாக வைத்திருப்பார்கள். படம் வரைந்த ஸ்டுடியோவுக்கு எழுதிக் காத்திருப்பது வீண். வரியில் ஏஜென்சி பெயர் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் பதிப்பகத்திடம், ஒரே கேள்வி கேளுங்கள்: தென்னாப்பிரிக்காவுக்கான உடை உரிமம் யார் கையில்? வேறு நாட்டு முகவரைக் கைகாட்டினாலும் அதுவே சரியான பதில்.

விண்ணப்பத்தில் நாடு, பொருள் வகை, எண்ணிக்கை, கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலை, விற்கும் இடம், காலம் எல்லாம் இருக்க வேண்டும். "உடைகள்" என்று பொதுவாக எழுதாமல் "பெரியவர்களுக்கான பருத்தி டீ-ஷர்ட், 1,000" என்று எழுதுங்கள். பிறகு கணக்கு. ஒரு சட்டையின் மொத்த விற்பனை விலை 120 ரேண்ட், உரிமையாளருக்குத் தரும் ராயல்டி 10% என்று வைத்துக்கொண்டால் சட்டைக்கு 12 ரேண்ட். விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய உத்தரவாதத் தொகையாக 20,000 கேட்டால், 1,667 சட்டை விற்றால்தான் அது கழியும். 1,000 மட்டுமே அடிப்பவர் அங்கேயே பேரம் பேச வேண்டும்.

வரியையும் அப்போதே பேசிவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் ராயல்டியில் தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸுக்கு 15% பிடித்தம். ஜப்பானுடனான ஒப்பந்தப்படி 10% ஆகக் குறைக்க, பணம் அனுப்புமுன் பெறுபவரின் உறுதிமொழிப் படிவம் கையில் இருக்க வேண்டும். "வரி போக முழுத்தொகை" என்று ஒப்பந்தத்தில் இருந்து, 15% பிடித்தமும் குறையாவிட்டால், 20,000-க்கு உங்கள் கையைவிட்டுப் போவது 23,529. அந்நியச் செலாவணி விதிகள் தனி. கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்த நகலை வங்கியில் காட்டிக் கேளுங்கள்.

அதிகம் தடுக்குவது ஒப்புதல் கட்டத்தில்தான். கல்யாணப் பேச்சு மாதிரி, எல்லா வீட்டாரும் தலையாட்ட வேண்டும்; முதலில் டிசைன், பிறகு சாம்பிள் சட்டை. உரிமையாளர் தரும் வடிவமைப்புக் கையேடான ஸ்டைல் கைடில் கொடுத்த படத்தை மட்டும் எடுங்கள், நீங்களே வரையாதீர்கள். படத்தை ஃபிலிமிலோ தாளிலோ அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும் டிடிஎஃப்பிலும் ஹீட் டிரான்ஸ்ஃபரிலும் அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடிக்க மறந்தால் சட்டையில் இடவலம் மாறிவிடும். கிமோனோ போட்ட பாத்திரமென்றால் வேறு வினையே வேண்டாம்: உடுத்தியவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. திரையில் பளிச்சென்ற நீலம் அச்சில் ஊதா அடிக்கும். கைடில் உள்ள பான்டோன் நிற எண்ணின் மாதிரியோடு வெயில் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். © வரி விடுபட்டாலும் சாம்பிள் திரும்பி வரும்.

உரிமமில்லாமல் அடித்தால், தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு போலிப் பொருள் சட்டத்தில் முதல் குற்றத்துக்கே ஒரு பொருளுக்கு 5,000 ரேண்ட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை. நாற்பது சட்டை பிடிபட்டால் பெருக்கிப் பாருங்கள்.

உரிமக் காலம் முடிந்தபின் மிச்சச் சரக்கை விற்க அவகாசம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அழிக்கச் சொல்லலாம். கடைசி அச்சை நான்கைந்து மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.