குடல் அழற்சி நோய் இருந்தால் ராத்திரி தூங்குவது எப்படி? ஆரம்பிப்பவர்களுக்கு

கிரோன் நோய் அல்லது அல்சரேட்டிவ் கோலைடிஸ் (குடல் அழற்சி நோயின் இரண்டு முக்கிய வகைகள்) இருப்பவரிடம் போய் "போனைத் தள்ளி வை, சீக்கிரம் படு" என்று சொல்வார்கள். சொல்பவர்களை ராத்திரி 2 மணிக்கு வயிறு எழுப்பியிருக்காது. அதனால் இங்கே வரிசை வேறு: முதலில் வயிறு, அப்புறம் மருந்து நேரம், கடைசியில்தான் படுக்கை.

படி 1: எது எழுப்புகிறது என்று குறித்து வையுங்கள்

தலைமாட்டில் ஒரு சின்ன நோட்டு, ஒரு வாரத்துக்கு. விழித்த நேரம், காரணம், ரத்தம் உண்டா இல்லையா என்று எழுதினால் போதும். இப்படி:

"2.10. அவசரம், தண்ணியா போச்சு, ரத்தம் இல்லை. 3 மணி வரை தூக்கம் வரலை."

இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். பெருங்குடல் ராத்திரியில் மந்தமாகிவிடும் உறுப்பு. அதையும் மீறி மோஷன் வந்து எழுப்புகிறதென்றால் அழற்சி அடங்காமல் இருக்கலாம். டாக்டரிடம் "தூக்கமே இல்லை" என்று சொன்னால் பேச்சு தூக்க மாத்திரைப் பக்கம் போய்விடும். நோட்டைக் காட்டினால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை (குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), மருந்தை மாற்றுவது என்று சரியான இடத்துக்கு வரும்.

ஒரு நாளில் 6 தடவை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சலோ படபடப்போ இருக்கிறது என்றால் நோட்டெல்லாம் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

படி 2: மருந்து நேரத்தைப் பாருங்கள்

பிரெட்னிசோலோன் (அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு) தூக்கத்தைக் கலைக்கும். ஒருவேளை மாத்திரையாக இருந்தால் காலையில் சாப்பாட்டோடு போடுவதுதான் வழக்கம். இரண்டு வேளையாகக் கொடுத்திருந்தால் இரண்டாவதை முன்னால் தள்ளலாமா என்று கேளுங்கள். தூக்கம் கெடுகிறதே என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று விடுவது ஆபத்து.

மெசலமின் எனிமா (ஆசனவாய் வழியாக ஏற்றும் அழற்சி மருந்து) இருந்தால் டாய்லெட் போய்விட்டு வந்து, படுக்கும் நேரத்தில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து வையுங்கள். அடியில் ஒரு பழைய துண்டு. மூட்டு வலிக்காக ராத்திரி இபுப்ரோஃபென் போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அது குடலைக் கிளறிவிடலாம். பேதியை நிறுத்தும் லோபிரமைடையும் நோய் தீவிரமாக இருக்கும்போது கேட்காமல் போடக்கூடாது.

படி 3: சாயங்காலம்

வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசையும். ராத்திரி சாப்பாட்டைக் குறைவாக, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடியுங்கள். காபி, டீ மத்தியானத்தோடு சரி. உடம்பில் ஏறிய காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். தண்ணீரை மட்டும் வெட்டாதீர்கள். பேதி போகிற உடம்பு அது, பகலில் நிறையக் குடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: படுக்கையும் பாத்ரூம் வழியும்

தூங்கவிடாமல் செய்வதில் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு: "ஓடிப் போய்ச் சேருவேனா?" இதற்கு அறிவுரை உதவாது, ஏற்பாடு உதவும். மெத்தை மேல் நீர் புகாத விரிப்பு, அதன்மேல் பெட்ஷீட், அதன்மேல் மறுபடி ஒரு விரிப்பு, ஒரு பெட்ஷீட். ஏதாவது ஆகிவிட்டால் மேலே உள்ள ஜோடியை உருவிப் போட்டுவிட்டுப் படுக்கலாம், நடுராத்திரியில் அலமாரியைக் குடைய வேண்டாம். மாற்று உடை, மென்மையான டிஷ்யூ, க்ரீம் பாத்ரூமிலேயே இருக்கட்டும். வழியில் மங்கலான மஞ்சள் விளக்கு போதும். பெரிய விளக்கைப் போட்டால் மூளை விடிந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளும்.

படி 5: திரும்பி வந்த பிறகு

மணி பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது படுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்குள், 3 மணிக்கு முன். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் இந்த விதியை விட்டுவிடலாம், உடம்பு கேட்கும்போது தூங்குங்கள்.

வயிறு அடங்கியும் தூக்கம் வரவில்லையா? படுத்ததும் கால் குறுகுறுக்கிறதா, அசைக்காமல் இருக்க முடியவில்லையா என்று கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் அப்படி ஆகலாம், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் சரியாக இருந்தால், தூக்கமின்மைக்கான சிபிடி சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழக்குவது) பற்றிக் கேட்கலாம்; அதற்கு மாத்திரை தேவையில்லை.