வீடியோவைப் பூட்டி அனுப்பும்போது விடக்கூடாத பிழைகள்

சுன்னாகத்தில் ஒரு சாமத்திய வீட்டு வீடியோவை எடிட் செய்து முடித்ததும் பிள்ளையின் தாய் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, ரொறன்ரோவில இருக்கிற என்ர அக்காவைத் தவிர வேற ஒருத்தரும் இதைப் பாக்கக் கூடாது.” அவர்களின் சொந்தக்காரர் வீட்டு வீடியோ ஒன்றை, லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற மாதிரி யாரோ ஏற்றிவிட, அது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியிருந்தது. அந்தத் தாயின் பயம் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து கோப்புகளைப் பொதுத் திறப்பு முறையில் (public key encryption) பூட்டித்தான் அனுப்புகிறேன். இதில் திறப்புகள் சோடியாக வரும்: எவருக்கும் கொடுக்கக்கூடிய பொதுத் திறப்பு ஒன்று, உரியவர் மட்டும் வைத்திருக்கும் தனித் திறப்பு ஒன்று.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. பொதுத் திறப்பு எதையும் திறக்காது. அது வாயைத் திறந்தபடி கொடுத்துவிடும் ஆமைப்பூட்டு; யாரும் அமத்திப் பூட்டலாம். திறக்கிறது தனித் திறப்பு மட்டும்தான். ஆகவே அந்தச் சோடியை உருவாக்க வேண்டியவர் வீடியோவைப் பெறுபவர். கனபேர் இதை மாற்றிச் செய்கிறார்கள்: தாங்களே சோடியை உருவாக்கி, தனித் திறப்பையும் கோப்போடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே விட்டமாதிரி.

கணினி படிக்கும் தம்பிமார் சொந்தமாக நிரல் எழுதும்போது, முழு வீடியோவையும் ஆர்எஸ்ஏ (RSA) என்ற பொதுத் திறப்பு முறையால் பூட்டப் பார்ப்பார்கள். 1977 இல் உருவான அந்த முறை இதற்கானதல்ல. 2048 பிட் திறப்பில், பாதுகாப்புக்காகச் சேர்க்கும் ஓஏஈபி (OAEP) நிரப்பலை ஷா-256 (SHA-256) உடன் பாவித்தால், ஒரு தடவைக்கு 190 பைட்தான் பூட்டலாம்; வெளியே வருவது 256 பைட். 4 ஜிபி வீடியோ 2 கோடிக்கு மேற்பட்ட துண்டுகளாகி, 5 ஜிபியையும் தாண்டும். பூட்டவும் திறக்கவும் ஒரே திறப்பைப் பாவிக்கும் வேகமான ஏஈஎஸ் (AES) முறையால் வீடியோவைப் பூட்டி, அந்தச் சிறிய ஏஈஎஸ் திறப்பை மட்டும் ஆர்எஸ்ஏயால் பூட்டுவதே முறை. ஒவ்வொரு கோப்புக்கும் புது ஏஈஎஸ் திறப்பு வேண்டும். ஜிபிஜி (GPG), ஏஜ் (age) போன்ற மென்பொருள்கள் இப்படி இரண்டு படியாகப் பூட்டுவதைத் தாங்களாகவே செய்துவிடும்; பாவிக்கும் முறைகளின் பெயர்கள் மட்டும் வேறாக இருக்கலாம்.

ஆனால் நான் ஆகக் கவலைப்படுவது வேறொன்றுக்கு. வந்த பொதுத் திறப்பு உண்மையில் அந்த ரொறன்ரோ அன்ரியுடையதா? இடையில் ஒருவர் தன்னுடையதை மாற்றி வைத்திருந்தால், அவருக்கே பூட்டி அனுப்பியதாகிவிடும். அன்று அன்ரிக்குக் கோல் எடுத்தேன். அவவின் குரல் எனக்குத் தெரியாது, அதனால் தாயும் பக்கத்தில் இருந்தா. ஒரு திறப்பை அடையாளம் காட்டும் குறியீட்டைக் கைரேகை (fingerprint) என்பார்கள்; ஜிபிஜி காட்டுவது 40 எழுத்து. நாலு நாலாகப் பத்துக் கூட்டம். அவ வாசிக்க வாசிக்க நான் என் திரையில் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். ஏழாவது கூட்டத்தில் பியும் டியும் காதில் ஒன்றாகக் கேட்க, திரும்ப வாசிக்கச் சொன்னேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. திறப்பு வந்த அதே மின்னஞ்சலில் கைரேகையையும் கேட்டால் பலனில்லை. மாற்றியவரே பதிலும் போடுவார்.

பூட்டு இருப்பதால் அனுப்பியவர் நான்தான் என்றும் ஆகாது. பொதுத் திறப்பு ஆர் கையிலும் இருக்கலாம், ஆகவே என் தனித் திறப்பால் கையொப்பமும் இடுகிறேன். அன்ரியிடம் அவவின் தனித் திறப்பை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, கடவுச்சொல்லோடு வைக்கச் சொன்னேன். அது தொலைந்தால், பூட்டி வைத்த வீடியோவை என்னாலும் திறக்க ஏலாது.

கோப்பின் பெயர் பூட்டுக்கு வெளியேதான் இருக்கும். பிள்ளையின் பெயரையும் ஊரையும் அதில் எழுதாமல், வெறும் இலக்கம் போட்டு அனுப்புங்கள். அன்ரி பார்த்து முடித்ததும் அவவின் டவுன்லோட் பெட்டியில் பூட்டில்லாத பிரதி ஒன்று கிடந்தது. அதையும் கோலில் இருந்தபடியே அழிக்கச் சொன்னேன்.