சனத்தொகை கூடினால் இறப்பும் கூடுமா? நாமே வரைபு போட்டுப் பார்ப்போம்

மட்டக்களப்பில் உயர்தரத்துக்குப் புவியியல் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இது. சனம் கூடினால் சாவும் கூடும்தானே என்று ரியூசனில் அடிக்கடி கேட்கிறார்கள். எண்ணிக்கை கூடலாம், வீதம் வேறு கதை.

படி 1: ஐநா சனத்தொகைப் பிரிவின் World Population Prospects தரவின் 2024 பதிப்பு எக்செல் கோப்பை இறக்குங்கள். 1950 முதல் வருடவாரியாக இருக்கும். போனில் திறக்க மினக்கெட வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் இவ்வளவு பெரிய கோப்பு இழுபடும், எனக்கு லிப்ரே ஒபிஸ்தான் சரி.

படி 2: உலகத்துக்கான வரிகளை மட்டும் புதுத் தாளுக்கு எடுங்கள். ஜூலை 1 சனத்தொகை, பிறப்பு, இறப்பு போதும். ஜனவரி 1 நிரலும் பக்கத்திலேயே கிடக்கும், அதைத் தொடாதீர்கள். வருடம் முழுக்க நடந்த இறப்பை வருட நடுவில் இருந்த ஆட்களால்தான் வகுக்க வேண்டும்.

படி 3: இறப்பைச் சனத்தொகையால் வகுத்து 1000ஆல் பெருக்கினால் பருமட்டான இறப்பு வீதம், அதாவது 1000 பேருக்கு எத்தனை இறப்பு என்பது. 1950இல் சுமார் 2500 மில்லியன் பேர், ஏறத்தாழ 50 மில்லியன் இறப்பு. வீதம் 20க்குக் கிட்ட. 2019இல் சுமார் 7800 மில்லியன் பேர், 58 மில்லியன் இறப்பு, வீதம் 7.5 அளவில். பிறப்புக்கும் இதே கணக்குத்தான்.

படி 4: இரண்டு வீதத்தையும் கோடாகப் போடுங்கள். நடுவில் உள்ள இடைவெளிதான் இயற்கை அதிகரிப்பு. இறப்புக் கோடு முந்தி விழுந்தது, பிறப்புக் கோடு பிந்தித்தான் இறங்கியது. 1960களில் உலகம் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது அதனால்தான். இலங்கையில் இது இன்னும் வேகம்: 1946இல் 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 அளவுக்கு வந்தது. மலேரியாவுக்கு அடித்த டிடிடி பூச்சிகொல்லிதான் முழுக் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அப்புறம், மேடு தெரிந்தால் பிழை என்று அழிக்காதீர்கள். 1960ஐ ஒட்டிய மேடு சீனப் பஞ்சம், 2020, 2021 கொரோனா. இலங்கைக் கோட்டில் 2004 துருத்தும். எங்கள் கரையை அழித்த சுனாமி உலகக் கோட்டில் கண்ணுக்கே தெரியாது.

படி 5: நாடுகளை ஒப்பிடும்போதுதான் நிதானம் வேண்டும். ஜப்பானில் வீதம் 12ஐத் தாண்டும், கட்டாரில் 2ஐக்கூடத் தொடாது. அதற்காகக் கட்டார்தான் ஆரோக்கியமான நாடு என்று எழுதிவிடாதீர்கள். ஜப்பானில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு 65 வயதைக் கடந்தவர்கள். கட்டாரில் பெரும்பாலும் வேலைக்குப் போன இளவயது ஆண்கள், எங்கள் ஊர்ப் பொடியன்மார் உட்பட. வயதானதும் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், இறப்பு இங்கேதான் பதிவாகும். எனவே வயதுக்கேற்பச் சீராக்கிய வீதத்தையோ ஆயுள் எதிர்பார்ப்பையோ எடுங்கள். உலகமும் முதுமை அடைவதால், வைத்தியம் முன்னேறினாலும் பருமட்டான வீதம் இனி மெல்ல ஏறும் என்பதே ஐநாவின் கணிப்பு.

பிற்சேர்க்கை: மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் பிறப்பில் இறப்பைக் கழித்தால் தொகைமதிப்போடு பொருந்தவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். பொருந்தாது. உலகத்தை விட்டு யாரும் வெளியே போவதில்லை. மாவட்டத்தை விட்டுப் போகிறார்கள், வருகிறார்கள். இடப்பெயர்வுக்கு ஒரு நிரல் சேருங்கள்.