டோக்கியோ கேம் ஷோ: முதல்முறை போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டோக்கியோ கேம் ஷோ என்ற வீடியோ கேம் கண்காட்சி நடப்பது டோக்கியோவில் இல்லை. பக்கத்து மாகாணமான சிபாவில், கடலோரத்தில் இருக்கும் மக்குஹாரி மெஸ்ஸே என்ற பெரிய கண்காட்சி வளாகத்தில் நடக்கிறது. பெயரை நம்பி ஷின்ஜுகுவிலோ ஷிபுயாவிலோ அறை எடுத்துவிட்டால், காலையில் ஒரு மணி நேரம் ரயிலிலேயே போய்விடும். மற்ற நாளில் அது பெரிய விஷயமில்லை. இங்கே அந்த ஒரு மணி நேரம்தான் நீங்கள் எந்த கேமை விளையாடப்போகிறீர்கள் என்பதையே முடிவுசெய்கிறது. வளாகத்தைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். கிடைக்கவில்லையென்றால் சிபா நகர மையத்திலோ ஃபுனபாஷி பக்கத்திலோ தேடுங்கள்.

டோக்கியோவிலிருந்துதான் வரவேண்டும் என்றால் கேய்யோ ரயில் பாதை. டோக்கியோ ஸ்டேஷனில் இந்தப் பாதையின் பிளாட்ஃபார்ம் மற்றவற்றிலிருந்து வெகு தள்ளி, பூமிக்கடியில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டோம் என்று நிம்மதியடைந்த பிறகும் பத்து நிமிடமாவது நடக்கவேண்டும். இறங்கவேண்டிய இடம் காய்ஹின் மக்குஹாரி. வெறும் ‘மக்குஹாரி’ என்று வேறொரு பாதையில் தனி ஸ்டேஷன் இருக்கிறது. போதாததற்கு ‘மக்குஹாரி தோயோசுனா’ என்று இதே பாதையில் 2023இல் இன்னொன்றும் திறந்துவிட்டார்கள். மேப்பில் அவசரமாகப் பெயரைத் தட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லமுடியாது. டிஸ்னிலேண்டுக்குப் போகிறவர்களும் இதே ரயிலில்தான் வருவார்கள். மிக்கி காது மாட்டிய கூட்டத்தைப் பின்தொடர்ந்து மைஹாமாவில் இறங்கிவிடாதீர்கள். கண்காட்சி நடக்கும் செப்டம்பர் அங்கே புயல் காலம். கடலோரப் பாதை என்பதால் பலத்த காற்றடித்தால் ரயில் தாமதமாகும், சில சமயம் நின்றும்விடும். அப்படியானால் சோபு பாதையில் மக்குஹாரி ஹோங்கோ வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

எந்த நாளுக்குப் போவது என்பதிலும் கோட்டைவிடுகிறார்கள். வழக்கமாக முதல் நாட்கள் தொழில்துறையினருக்கும் பத்திரிகையாளர்களுக்கும் மட்டும். பொதுமக்களுக்குப் பெரும்பாலும் சனி, ஞாயிறுதான். விமானத்தில் இடம் போடுவதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள், வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்றும் போகாதீர்கள். 2024இல் நான்கு நாட்களில் வந்தவர்கள் 2,74,739 பேர்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். எல்லாரும் செய்வது முதல் ஹாலிலிருந்து வரிசையாகச் சுற்றிப்பார்ப்பது. மிகப்பெரிய தவறு இதுதான். பெரிய ஸ்டால்கள் பலவற்றில் காலையில் நேரம் குறித்த டோக்கன் கொடுப்பார்கள். அது தீர்ந்தால் அந்த கேம் அன்றைக்கு உங்களுக்கு இல்லை. டோக்கன் இல்லாத இடங்களில் வரிசையின் வாலில் ஊழியர் ஒருவர் உயரமான பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காத்திருக்கவேண்டிய நேரம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். அவருக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். வரிசை அளவுமீறிப் போனால் அதை மூடிவிடுவார்கள். கெஞ்சிப் பார்த்தால் இரண்டு கையையும் எக்ஸ் போலக் குறுக்கே வைத்துக் காட்டுவார்கள். சிரித்த முகத்தோடுதான், ஆனால் அதற்கு மேல் பேச்சில்லை.

அதனால் முந்தைய இரவே ஹால் வரைபடத்தைப் பார்த்து ஒரே ஒரு பெரிய கேமைத் தேர்ந்தெடுங்கள், கதவு திறந்ததும் நேராக அங்கே போங்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான ஹால்கள் ஒட்டியபடி இருக்கின்றன. ஒன்பது முதல் பதினொன்று வரை தனிக் கட்டடம், இடையில் நடந்து போகவேண்டும். இரண்டு பக்கமும் காலையிலேயே பிடித்துவிடலாம் என்ற கணக்கு தப்பும். இன்னொன்று, அடுத்த மாதம் கடைக்கு வரப்போகிற கேமுக்காக இரண்டு மணி நேரம் நிற்பது என்னைப் பொறுத்தவரை வீண். கையில் கிடைப்பது பெரும்பாலும் இருபது நிமிடம், அதிலும் பல டெமோக்கள் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். சிறு குழுக்களின் இண்டி பகுதியில் வரிசை குறைவு. கேமைச் செய்தவரே பக்கத்தில் நின்று, நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பாஸ்போர்ட்டை அறையில் பத்திரமாக வைத்துவிட்டு வருவது நம் ஆட்களின் பழக்கம். ஜப்பானில் சுற்றுலாப் பயணி அதை எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம்களுக்கும் வயதைக் காட்டச் சொல்லலாம். போனில் இருக்கும் படத்தை நம்பவேண்டாம்.

காஸ்ப்ளே, அதாவது கேம் பாத்திரங்களைப் போல வேஷம் போடுகிறவர்கள் அந்த வேஷத்தோடு ரயிலில் வந்து இறங்கக்கூடாது, உள்ளே உடைமாற்றத் தனி இடம் உண்டு. அவர்களைப் படமெடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். ஸ்டால்களில் திரையைப் படமெடுக்கத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பாட்டை மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காய்ஹின் மக்குஹாரியின் கடைகளில் காலையிலேயே கூட்டம் அலைமோதும். ரயில் ஏறும் இடத்திலேயே வாங்கிவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே விற்கும் சோற்று உருண்டைகளில் பலவும் ஆகாது, உள்ளே மீன் இருக்கும். குப்பைத்தொட்டி தேடி அலையாமல் இருக்க ஒரு கவர், அப்புறம் பவர் பேங்க். டிக்கெட், வரைபடம், ரயில் நேரம் எல்லாமே போனில்தான் இருக்கும், மூன்று மணிக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.