நெல்லையிலிருந்து படிக்கப் போகிறவர்களே, முதலில் பெயரைச் சரிபாருங்கள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களை அலையவிடுவது பெரும்பாலும் இனிஷியல்தான். சு. இசக்கிமுத்து என்று ஒரு மாணவனை வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால். ஒன்றில் இசக்கி ஆங்கில 'ஈ'யில் தொடங்கும், மற்றொன்றில் 'ஐ'யில். மேலப்பாளையத்திலோ வள்ளியூரிலோ இதை யாரும் கேட்கப்போவதில்லை. வெளிநாட்டு வங்கியின் கணினிக்கு எழுத்து மாறினால் ஆளே வேறு.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தே எழுத வேண்டும். குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவது நம் வழக்கம். அதைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (FNU, 'முதற்பெயர் தெரியவில்லை') என்ற மூன்றெழுத்து அச்சாகும். பிறகு அங்கே ஒவ்வோர் அலுவலகத்திலும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதுதான். நெல்லையிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. திருத்தத்தை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். கல்லூரி அனுமதிக் கடிதம், டிக்கெட், காப்பீடு எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். வகுப்பில் 'சுடலைமுத்து' என்று அப்பா பெயரைச் சொல்லி அழைப்பார்கள். கூச்சப்படாமல் கை தூக்குங்கள்.

அசல் ஆவணங்கள் கைப்பையில்தான். அவற்றைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றுவதைப் போன்ற அசட்டுத் துணிச்சல் வேறில்லை. எல்லாவற்றுக்கும் ஸ்கேன் பிரதி ஒன்று உங்கள் மின்னஞ்சலிலும் ஒன்று வீட்டாரிடமும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அடுத்து இந்தியத் தூதரகம். அவசரச் சான்றிதழ் என்று அங்கே தருவது இந்தியா திரும்ப மட்டுமே உதவும். படிப்பைத் தொடரப் புதிய பாஸ்போர்ட் வேண்டும்.

பெட்டியில் அம்மா வைக்கும் பொருள்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா சுங்கத்தோடு நின்றுவிடும். ஆஸ்திரேலியா என்றால் கருவாடோ ஊறுகாயோ, எது இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகவும் கூடும்.

போய்ச் சேர்ந்த சில வாரங்களில் ஒரு போன் வரலாம். 'குடியேற்றத் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் விசாவில் சிக்கல், உடனே பணம் கட்டுங்கள்' என்பார்கள். உங்கள் பெயரும் கல்லூரியும்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேச்சை வளர்க்காமல் துண்டியுங்கள். எந்த அரசு அலுவலகமும் போனில் மிரட்டிப் பணம் வாங்காது. சந்தேகம் இருந்தால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு' என்று நம்மூர் அண்ணாச்சியே கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது திருட்டுப் பணமாக இருந்தால் வழக்கு உங்கள் மேல்தான். வீட்டு உரிமையாளரோ வேலை தருபவரோ பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் அந்த இடமே வேண்டாம்.

அவசர எண் ஐரோப்பாவில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவராகப் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அங்கே வீடு மாறினால் புது முகவரியையும் அதில் மாற்றுங்கள்.