பொரித்த அன்றே போட வேண்டிய ஊசி: மேரெக்ஸ் நோய்க்கு நான் செய்வது

எட்டு வாரம் வரை நன்றாகத் திரிந்த சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்று, ஒரு நாள் காலையில் ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு கிடந்தது. "வாதம் கண்ணு, வேப்பெண்ணெய் போட்டு நீவி விடு" என்றார் அத்தை. ஒரு வாரம் நீவினேன். தீனித் தட்டு எதிரிலேயே இருந்தும் எட்ட முடியாமல் மெலிந்து செத்தது. அடுத்த இரண்டு மாதத்தில் அந்த ஈட்டில் 43இல் 17 போயின. குஞ்சு வாங்கிய இடத்தில் "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்றுதான் சொன்னார்கள். எந்த ஊசி என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு கால்நடை மருத்துவர் செத்த கோழியை அறுத்து, இது மேரெக்ஸ் என்று காட்டினார். இதை நீங்களே பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு, தொடையின் உட்புறத் தசையைப் பிரித்தால் கால் நரம்பு தெரியும். நல்ல நரம்பு வெள்ளையாக, பளபளப்பாக, குறுக்கே மெல்லிய வரி வரியாக இருக்கும். நோய் கண்டது தடித்து, சாம்பலோ மஞ்சளோ பூத்து, வரி அழிந்து கிடக்கும். இரண்டு தொடைகளையும் பிரித்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒரு பக்க நரம்புதான் அதிகம் பருத்திருக்கும். கல்லீரல், மண்ணீரல், சூலகம் ஆகியவற்றில் வெளிறிய புற்றுக் கட்டிகள் இருக்கலாம். சிலதற்குக் கண்ணின் கருவிழி சாம்பல் நிறமாகிவிடும். நரம்பு பருக்காமலும் இந்த நோய் வரும் என்பதால், ஐயமிருந்தால் உறுப்புத் துண்டுகளை 10 சதவீத ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி.

1907இல் யோசெஃப் மாரெக் என்ற ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் கால் விளங்காத நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். அவர் பெயரால்தான் மேரெக்ஸ். அவரும் அதை நரம்பு அழற்சி என்றே நினைத்தார். அத்தையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இது ஹெர்பிஸ் வகை வைரஸ் என்று 1967இல்தான் இங்கிலாந்தில் சர்ச்சிலும் பிக்ஸும் காட்டினார்கள். மனிதருக்கு இது வருவதில்லை.

வந்தபின் மருந்து கிடையாது. ஊசி உண்டு, அதையும் பொரித்த அன்றே போட வேண்டும். வான்கோழியில் இயல்பாக இருக்கும், கட்டி உண்டாக்காத ஓர் உறவுக்கார வைரஸ்தான் அந்த ஊசியில் இருக்கிறது. 1970இல் அமெரிக்காவின் ஈஸ்ட் லான்சிங் ஆய்வகம் அதைத் தடுப்பூசியாகக் காட்டியது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி மனிதருக்கு வருமுன்னே கோழிக்கு வந்துவிட்டது!

பெரிய பொரிப்பகங்கள் திரவ நைட்ரஜனில் உறைய வைத்த மருந்தை வைத்திருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு உலர்த்திய தூளாக வரும் குப்பிதான் தோது. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். வாங்கி வரும்போதும் ஐஸ் பெட்டி வேண்டும்; பைக் பெட்டியில் வெயிலோடு வந்த மருந்தைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு குப்பி 500 அல்லது 1000 குஞ்சுக்கு. எனக்குப் பொரிவதோ 120. கரைத்தபின் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மீதியை நாளைக்கு வைக்க முடியாது. அதனால் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு அக்காவும் நானும் ஒரே நாளில் முட்டையை இன்குபேட்டரில் வைக்கிறோம். இருபத்தொன்றாம் நாள் மூன்று வீட்டுக் குஞ்சுக்கும் ஒரே குப்பி. ஆனால் அவரவர் குஞ்சை அவரவர் பெட்டியிலேயே வைத்து, நடுவில் கை கழுவிக்கொண்டு போடுகிறோம்.

சிரிஞ்சையும் ஊசியையும் வெந்நீரில் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். ஸ்பிரிட்டோ டெட்டாலோ கூடாது. இது உயிருள்ள வைரஸ், கிருமிநாசினி பட்டால் செத்துவிடும். குப்பியோடு தரும் கரைசலிலேயே கரையுங்கள். குலுக்காமல், நுரை வராமல், மெதுவாகச் சுழற்றினால் போதும். கரைத்ததை ஐஸ் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சின் பிடரித் தோலைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கூடாரம் போல லேசாகத் தூக்குங்கள். ஊசி கழுத்துக்கு இணையாக, தலையை நோக்கி அல்லாமல் உடலை நோக்கிப் போக வேண்டும். தோலுக்கும் தசைக்கும் இடையில் 0.2 மில்லி. விரல் ஈரமானால் ஊசி மறுபுறம் வெளியே வந்துவிட்டது என்று பொருள், அந்தக் குஞ்சுக்கு மறுபடி போடுங்கள். முதல் தடவை எனக்குப் பத்துக்கு மூன்று இப்படித்தான் வெளியே போனது. அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். ஐம்பது குஞ்சுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுகிறேன்.

ஊசி போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எதிர்ப்புச் சக்தி ஊற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் நோய் முந்திக்கொள்ளும். இந்த வைரஸ் முட்டை வழியாக வருவதில்லை. பெரிய கோழியின் இறகு முளைக்கும் குழியில் முதிர்ந்து, தோல் செதிலோடு தூசியாக உதிர்கிறது. அந்தத் தூசி மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். ஆகவே புரூடரை, அதாவது குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் இடத்தை, பெரிய கோழிக் கொட்டகைக்குக் காற்று வரும் திசையில், தள்ளி வையுங்கள். பழைய உமியை முழுக்க வாரி எறிந்து, சிலந்திவலை வரை துடைத்து, புது உமி பரப்புங்கள். காலையில் முதலில் குஞ்சைப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிய கோழிக்குப் போங்கள். புரூடருக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். எனக்கு அது ஒரு ஜோடி நீல ஹவாய். வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று சண்டையே போட்டிருக்கிறேன்.

பாதிக் குஞ்சுக்குப் போட்டு மீதியை விட்டுவிடாதீர்கள். இந்த ஊசி கட்டியைத் தடுக்குமே தவிர தொற்றைத் தடுக்காது. ஊசி போட்ட கோழி நலமாக இருந்துகொண்டே வைரஸை உதிர்க்கும். 2015இல் ஆண்ட்ரூ ரீடும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மிகக் கொடிய வகைகள் ஊசி போடாத கோழிகளைப் பரப்பக்கூட அவகாசம் இல்லாமல் கொன்றன. ஊசி போட்டவை பிழைத்து அதே வகைகளைப் பரப்பின. போடாத குஞ்சு போட்டதோடு ஒரே கொட்டகையில் இருந்தால் மாட்டிக்கொள்வது போடாததுதான்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். நான்கு மாதம் தாண்டிய பெட்டை, கால் நன்றாக இருந்தும் கொண்டை வெளிறி மெலிகிறது. அறுத்தால் கல்லீரல் வயிறு முழுக்க அடைத்துக் கிடக்கிறது. நரம்பு சரியாக இருந்து, எச்சத் துவாரத்துக்கு மேலே இருக்கும் ஃபேப்ரீசியஸ் பையில் கட்டி இருந்தால் அது லூக்கோசிஸாக இருக்கலாம். அது வேறு குடும்பத்து வைரஸ், மேரெக்ஸ் ஊசிக்குக் கட்டுப்படாது, அதற்கென்று ஊசியும் இல்லை. தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும். பெரிய இனப்பெருக்கப் பண்ணைகள் முட்டை வெள்ளையைச் சோதித்து, வைரஸ் உள்ள பெட்டைகளைக் கழித்துவிடுகின்றன. எனக்கு அந்த வசதி இல்லை. எந்த முட்டை எந்தப் பெட்டையுடையது என்று தெரிய, அதன் கால்வளைய எண்ணைப் பென்சிலால் முட்டையின் மேல் எழுதிவிடுகிறேன். ஒரு பெட்டை இப்படிச் செத்தால் அந்த எண் போட்ட முட்டை எதுவும் இன்குபேட்டருக்குள் போகாது.