முதலில் தாளைப் பாருங்கள், பிறகு பூவை

பழைய தாவரப் படம் வாங்கக் கிளம்பும் முன் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் நான் வாங்கிய முதல் செங்காந்தள், நூறாண்டுப் பழையது என்று சொல்லி விற்கப்பட்டது. பின்னர் லென்ஸில் பார்த்தால் இதழ் முழுவதும் ஒழுங்கான புள்ளி வரிசை. இயந்திரத்தில் அச்சிட்ட நகல். கையால் தீட்டிய வண்ணத்தில் புள்ளிகள் இரா. தூரிகை நின்ற இடத்தில் வண்ணம் தேங்கியிருக்கும், சில இடங்களில் கோட்டைத் தாண்டியிருக்கும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு, 1787இல் லண்டனில் வில்லியம் கர்டிஸ் தொடங்கிய தாவரவியல் இதழின் படங்களைச் சொல்வேன். 1948 வரை அவை கையால் வண்ணம் தீட்டப்பட்டன. தொடக்ககாலப் படங்கள் செப்புத்தகட்டு அச்சு என்பதால் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்தியிருக்கும்; விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் வெட்டிய தாளில் அந்தத் தடமும் போயிருக்கலாம். அந்த இதழின் பக்கம் சிறியது, ஆகவே பெரிய செடிகளின் படங்களை மடித்தே தைத்தார்கள். அந்த மடிப்பைக் குறையென்று ஒதுக்காதீர்கள்.

என் மனம் கிடப்பதோ சென்னையில் அச்சான படங்களில். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், 1853இல் முடித்த தாவர நூலின் ஆறு தொகுதிகளில் 2,101 கல்லச்சுப் படங்கள், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்ட படங்கள், இருக்கின்றன. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். படத்தின் அடியில் ரோமன் எழுத்தில் பொடியாக அவர்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார் வைட். விற்பனைப் பட்டியல்களில் வைட் பெயரை மட்டும் போடுவது எனக்குப் பொறுப்பதில்லை. கல்லச்சில் தகட்டுத் தடம் இராது. இந்தத் தொகுதிகளின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். வண்ணத்தோடு வந்தால், பின்னாளில் யாரேனும் பூசியதா என்று கேளுங்கள்.

முழுப் புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்பவரிடம் நான் வாங்குவதில்லை. ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் தாள் என்றால், அந்தச் செடியின் விளக்கப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

பழைய தாளில் படியும் பழுப்புப் புள்ளிகளை நீங்களே வெளுக்க முயலாதீர்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. அமிலமற்ற அட்டையில் வைத்து, மேலுள்ள கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி சட்டமிடுங்கள். வெயில் எட்டாத உள்சுவரில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு படத்தைத்தான் மாட்டுகிறேன். மூன்று மாதம் ஆனதும் அது உறைக்குள் போய்விடும், அடுத்தது சுவருக்கு வரும்.